ஊமை ஸ்பீக்கர்

அந்த வருடம் நான் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டினேன். கூடுவாஞ்சேரியில் ஒரு வீட்டில் பழைய ஆம்ப்ளிஃபயரும் இரண்டு பெரிய ஸ்பீக்கர்களும் வாங்கிய ஒருவரைச் சேலையூரில் இறக்கிவிட்டேன். அறுபது தாண்டியவர், மடிப்புக் கலையாத சட்டை. அடிக்கடி இடது காதருகே விரலைச் சொடுக்கிப் பார்த்துக்கொள்வார்.

பழுது இருந்தால் மாலைக்குள் திருப்பித் தரலாம் என்று விற்றவர் சொல்லியிருந்தார். அதனால் என்னையும் நிறுத்திக்கொண்டு பாட்டுப் போட்டார். கொஞ்ச நேரத்தில் அவர் முகம் வாடியது.

"தம்பி, ரெண்டு பக்கமும் பாட்டு வருதா?"

டீக்கடையிலும் பஸ்ஸிலும் பாட்டுக் கேட்டவன் நான். பக்கமெல்லாம் எனக்கு என்ன தெரியும்? அடுத்த லோடு வேறு காத்திருந்தது.

"சூப்பரா கீது சார், ரெண்டும் பாடுது."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அப்போ இந்தக் காதுதான் போயிடுச்சு" என்று மெல்லச் சொல்லி, மறுபடி சொடுக்கினார்.

எனக்குச் சங்கடமாகிவிட்டது. போய் இடது ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்தேன். சத்தமே இல்லை.

"சார், இது ஊமை சார்! நல்லா ஏமாத்திட்டாங்க உங்களை."

"நிஜமாவா? இன்னொரு தடவை சொல்லு."

"ஊமை சார்."

கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"வண்டியில ஏத்தட்டா சார்? இப்பவே போனா திருப்பிக் குடுத்துடலாம்."

"வேணாம்பா. இது இங்கயே இருக்கட்டும்" என்று, காதருகே போன விரலைச் சொடுக்காமலே மடக்கி, அந்த ஸ்பீக்கரைத் தட்டிக்கொடுத்தார்.

காது நன்றாக இருக்கிறதென்று சந்தோஷப்பட்டார், சரி. பாடாத பெட்டியை ஏன் வைத்துக்கொண்டார் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.