முன்னூற்றுப் பதினேழின் பக்கம்

காலையில் தேயிலைத் தோட்டத்து ஆபீஸைத் திறந்ததும் கோகிலவாணி செய்கிற முதல் வேலை கம்ப்யூட்டரைத் துடைப்பது. ஓவேலி மழையில் திரைகூட ஈரம் பூத்துப்போகும். பழைய வேட்டித் துண்டால் துடைத்து, மேசைக்கு அடியில் ஒரு குண்டு பல்பை எரியவிட்டு, அந்தச் சூட்டில் கொஞ்சம் காய்ந்த பிறகுதான் மெஷினைப் போடுவாள்.

ஆறு வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவள். பன்னிரண்டாவது முடித்ததால் கொழுந்து பறிக்காமல் தப்பினாள். தேயிலை விலை விழுந்து ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள் மட்டும் ஓடத் தொடங்கியபோது கணவன் ராசு திருப்பூருக்குப் போய்விட்டான். ஆபீஸில் மற்ற இரண்டு கிளார்க்குகளையும் நிறுத்தினார்கள். வருகை, லீவு, டிஸ்பென்சரிக் குறிப்பு எல்லாம் வெப்சைட்டுக்கு ஏறின. அதைக் கவனிக்க இவள் ஒருத்திதான்.

ஆளுக்கு ஒரு பக்கம். உள்ளே போக செக்ரோல் நம்பர், கூலிப் பதிவேட்டில் ஆளுக்கு இருக்கிற எண். பாஸ்வேர்டும் அதே நம்பர். அப்படி வைத்தது கோகிலவாணிதான். தோட்டத்தில் பிறந்த தேதி தெரியாதவர்கள் உண்டு, நம்பர் தெரியாதவர் இல்லை. தாய் போனால் மகளுக்கு அதே நம்பர். கலைமதியின் முன்னூற்றுப் பதினேழு, வலிப்பு வந்து ஓடையில் விழுந்து செத்த அவள் அம்மா கருப்பம்மாவுடையது.

கலைமதிக்கும் வலிப்பு உண்டு. சோலூரில் மாப்பிள்ளை முடிவானதும் அவள் வந்து சொன்னாள்: "மாத்திரை விசயத்த யாரும் பாக்காம வைங்கக்கா. அவருகிட்ட நானே சொல்லிக்கிறேன்."

குன்னூரிலிருந்து வெப்சைட்டைப் பார்த்துக்கொள்ளும் தினகரனிடம் சொல்லி, அவளுடைய பக்கத்தின் மெனுவிலிருந்து 'மெடிக்கல்' என்ற வரியை எடுக்க வைத்தாள். அன்று நிம்மதியாகத்தான் வீட்டுக்குப் போனாள்.

ஒரு திங்கட்கிழமை, யார் யார் உள்ளே வந்தார்கள் என்ற பட்டியலைத் திறந்தபோது முதல் வரியிலேயே நின்றாள். 317. மெடிக்கல் பக்கம். உள்ளே இருக்கிறார்.

வெளியே பனிக்குள் பிரட்டு, காலை ஆள் கணக்கெடுப்பு, நடந்துகொண்டிருந்தது. கங்காணி ஒவ்வொரு நம்பராகக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார்.

"முன்னூத்திப் பதினேழு."

"இருக்கேங்க."

கலைமதியின் குரல். செத்துப்போன கருப்பம்மாவின் குரல் மாதிரியே இருந்தது. கலைமதியிடம் இருப்பது பட்டன் போன். பனியில் நிற்பவள் எப்படித் திரைக்குள்ளும் இருப்பாள்? செவ்வாயும் அதே நேரம், அதே நம்பர். புதனன்று திரையைத் துடைக்கவே மனசு வரவில்லை. துடைத்தால் கருப்பம்மாவின் முகம் தெரிந்துவிடும்போல் இருந்தது.

தினகரனுக்குப் போன் போட்டாள்.

"ஏனுங்க மேடம், பேய் எங்கயாச்சும் பாஸ்வேர்டு அடிக்குமா?" என்று சிரித்தான் அவன். "நம்பர் தெரிஞ்ச யாரோ தானுங்க."

"மெடிக்கல்தான் எடுத்தாச்சே?"

"பேர்ப்பலகையத்தான கழட்டச் சொன்னீங்க. பக்கம் அங்கயேதான இருக்குது. அட்ரஸ் கடைசில 'அட்டெண்டன்ஸ்'னு இருக்கும் பாருங்க, அந்த எடத்துல 'மெடிக்கல்'னு அடிச்சா வந்துருமுங்க, மத்தவங்க பக்கத்துல அந்த வரியப் பாத்தவங்களுக்குத் தெரிஞ்சுருமுங்க. அந்த அட்ரஸ யாருக்காச்சும் குடுத்தீங்களா?"

யாருக்கும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தவளுக்கு மாப்பிள்ளையின் அண்ணன் ஞாபகம் வந்தது. பதினைந்து நாளைக்கு முன்னால் வந்திருந்தார். பொண்ணு தோட்டத்து வேலையில் பெர்மனன்ட்தானா என்று தெரிந்தால் போதும் என்று மரியாதையாகக் கேட்டார். வருகைப் பக்கத்தை பிரிண்ட் எடுத்துக் கொடுத்து, டீயும் வாங்கிக் கொடுத்து அனுப்பினாள். மை சரியாக விழாத ஒரு தாள் இன்னும் பிரிண்டர் பக்கத்தில் கிடந்தது. எடுத்துப் பார்த்தாள். மேலே கொட்டை எழுத்தில் 317. கீழே, பொடி எழுத்தில், அட்ரஸ் முழுசாக.

பாஸ்வேர்டை மாற்றினாள். பக்கத்துக்குத் தனிப் பூட்டும் போடச் சொன்னாள். அன்று மதியமே கலைமதி வந்தாள், முதுகில் கொழுந்துப் பையோடு.

"வேணாம்னுட்டாங்கக்கா. எந்தத் தேதில எந்த மாத்திரைன்னு எழுதிக் கொண்டாந்து வாசிக்கிறாரு அவங்க அண்ணன். எங்கப்பாவுக்கே தெரியாத தேதி. நான் சொல்றதுக்குள்ள..."

கோகிலவாணி விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பூட்டுப் போட்டாச்சு கலை. இனிமே யாரும்..."

"நான் அதக் கேக்கலக்கா. அவருக்கு யாரு வழி காட்டுனா?"

அந்தத் தாள் கோகிலவாணியின் முழங்கைக்கு அடியில் இருந்தது. கொழுந்து நிறுக்கிற விசில் வெளியே கேட்டது. கலைமதி பையைத் தூக்கி விட்டுக்கொண்டு, கதவைச் சாத்தாமல் போனாள்.