சாவி வாங்கும் முன்

புக்கிட் ரோத்தானில் கார் வாடகைக்கு விடும் அன்பரசியிடம் பணம் கட்டினால் மட்டும் சாவி கிடைக்காது. "போயிட்டு வரேன்" என்று தமிழில் சொல்ல வேண்டும். சீனரோ வெள்ளைக்காரரோ, யாராயிருந்தாலும் சரி. கோபத்தில் "நான் போறேன்" என்று கிளம்பிய அவள் கணவன் லோகேஸ்வரன், ஈஜோக் செம்பனைத் தோட்டப் பாதையில் கார் கவிழ்ந்து செத்த நாளிலிருந்து இதுதான் சட்டம்.

விடுமுறைக்கு வந்த ஹாலந்துத் தம்பதி அதைச் சொல்லத் திணறிச் சிரித்தார்கள். "சிரிச்சா சாவி இல்ல லா!" என்று அதட்டினாள். சரியாக வரும்வரை விடவில்லை. தன் ஊர்ப் பழக்கத்தில் இடது கதவைத் திறந்து ஸ்டியரிங்கைத் தேடிய வெள்ளைக்காரனை வலப்பக்கம் அனுப்பினாள்.

சாயங்காலம் கார் திரும்பியது. வெள்ளைக்காரன் இறங்கி வந்து சாவியை நீட்டி, தெளிவான தமிழில், "வந்துட்டேன், அரசி" என்றான்.

அவளை அப்படிக் கூப்பிட்டவன் உலகத்திலேயே ஒருவன்தான்.

"யார் சொல்லிக் கொடுத்தது?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"ஈஜோக் பக்கம் வழி தவறிவிட்டோம். ஒருவர் ஏறிக்கொண்டு வழி காட்டினார், இதையும் சொல்லிக் கொடுத்தார்" என்ற வெள்ளைக்காரி, காரைத் திரும்பிப் பார்த்தாள். "பின்சீட்டில்தானே இருந்தார்?"

பின்சீட் காலியாக இருந்தது. அன்பரசி போய் அந்தக் கதவைத் திறந்துவிட்டாள்.

"சாப்பிட்டீங்களா?" என்று உள்ளே பார்த்துக் கேட்டாள்.