அடுப்புச் சுவர்

ஸ்ரீவில்லிபுத்தூரில் கம்ப்யூட்டர் கேம் கடை வைத்திருந்தேன். பெரிய திரையில் படம் தெளிவாக ஓட கம்ப்யூட்டருக்குள் நல்ல பிராசசர் சிப் வேண்டும். ராஜபாளையத்திலிருந்து மச்சினன் இரண்டு கொண்டுவந்தான்; ஒன்று வேகமானது, மற்றது மெதுவானது, ஆனால் சூடு தாங்கும். வேகமானதை முதலில் மாட்டினான். காலையில் கார் பந்தய ஆட்டம் தங்குதடையில்லாமல் ஓடியது.

மத்தியானம் பக்கத்துக் கடையில் பால்கோவா அடுப்பு பற்றவைத்தார்கள். இரண்டு கடைக்கும் ஒரே சுவர். அறை சூடேறியதும் கார் பாதி வழியில் நின்றுவிட்டது.

“இது சூடு தாங்காது அத்தான். அடுப்ப அணைக்கச் சொல்லுங்க.”

“ஏலே, ஊருக்குள்ள ஆளு வாரதே பால்கோவாவுக்குத்தான். நம்ம காருக்கா வாராக?”

ஆட்டம் பாதியில் நின்றால் ஆடுகிறவன் மறுபடி வரமாட்டான். மெதுவானதையே மாட்டச் சொன்னேன். படத்தின் துல்லியத்தையும் குறைத்தான். அடுப்பு எரிய எரிய, கார் கடைசிக் கோடு வரை போனது.

“அம்புட்டுத் தெளிவா இல்லையே அத்தான்.”

“போய்ச் சேருதுல்ல.”