பிசின் வடிந்த நாற்பது மரங்கள்

அந்தப் பைன் காட்டில் குறிக்காரம்மாவைத் தெரியாதவர் கிடையாது. வண்டு விழுந்த மரத்தைக் கண்டுபிடித்துச் சிவப்பு பெயிண்டால் குறி போடுவது அவள் வேலை. குறி விழுந்தால் மறுநாளே ரம்பம் இறங்கும். "உன்னைப் பார்த்தாலே மரமெல்லாம் நடுங்கும்டி" என்பார் பஸ் ஓட்டுகிற அவள் வீட்டுக்காரர். பதினோரு வருஷத்தில் ஒரு குறிகூடத் தப்பானதில்லை என்று அவளுக்கு ஏகப்பட்ட கர்வம். இருந்துவிட்டுப் போகட்டுமே, யாருக்குத்தான் இல்லை!

அன்று நாற்பதாவது மரம். பட்டை முழுக்கப் பிசின் வடிந்து கட்டி கட்டியாய் நின்றது. அதுதான் நோய் என்பது அவள் கணக்கு. குறி போட்டு எடுக்கையில் பிரஷ் பிசினில் ஒட்டிக்கொள்ள, எரிச்சலோடு கத்தியால் ஒரு கட்டியைப் பெயர்த்தாள். உள்ளே ஒரு வண்டு செத்து விறைத்துக் கிடந்தது. பிசினிலிருந்து மூக்கில் ஏறிய நெடியும் பழகியதுதான். பெயிண்டைக் கரைக்க ஊற்றுகிற டர்பன்டைன் நெடி. அந்த டப்பாவில் எறும்பு விழுந்தால் இரண்டு நொடி தாங்காது.

அடுத்த கட்டியிலும் செத்த வண்டு. பிசினே இல்லையென்று அவள் குறி போடாமல் விட்ட பக்கத்து மரத்துக்கு ஓடினாள். தண்ணீர் காணாமல் வாடிய மரம் அது. அடியில் காப்பித்தூள் மாதிரி மரத்தூள் கொட்டிக் கிடந்தது. பட்டையை உரித்தால், உள்ளே வண்டுகள் ஜாம்ஜாமென்று குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன.

"அடிப்பாவி! சண்டை போடுறவனைப் பிடிச்சுக் குடுத்துட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை, மரம் வெட்டுகிற மேஸ்திரியும் ரேஞ்சரும் வந்தபோது அவள் தன் குறிகளைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, புத்தி கெட்டுப்போச்சா? குறி போட்டா போட்டதுதான்," என்று ரேஞ்சர் கத்தினார்.

செத்த வண்டோடு ஒரு பிசின் கட்டியை அவர் கையில் வைத்தாள். "தப்பான குறி சார். பிசின் ஊறுற வரைக்கும் இந்த மரம் வண்டைக் கொன்னுக்கிட்டே இருக்கும். வெட்டணும்னா அந்த வாடின மரங்களை வெட்டுங்க, இன்னிக்கே."

"எழுதிக் குடுப்பீங்களா? வேலையே போயிடும்," என்றார் ரேஞ்சர்.

"பேப்பரைக் குடுங்க."

நாற்பது குறிகளும் தன் தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ரேஞ்சர் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்து, "சரி, இதுகளை விட்டுடுங்க" என்றார்.

மேஸ்திரி மட்டும் நகரவில்லை. தயங்கித் தயங்கிக் கேட்டார். "அக்கா, போன வருஷம் கிழக்குச் சரிவுல இருநூறு மரம் வெட்டினோமே... அதுவும் பிசின் வடிஞ்சதுதானே?"

"அதை ஏன்யா இப்போ கிளறுறே?" என்று ரேஞ்சர் அதட்டினார்.

அந்தச் சரிவில் மிச்சம் விட்ட மரமெல்லாம் இப்போது காய்ந்துகொண்டிருப்பது அவளுக்குத் தெரியும்.

"ஆமா," என்றாள். ரேஞ்சரிடம் கையை நீட்டினாள். "அந்தப் பேப்பரைத் திருப்பிக் குடுங்க சார். அதையும் சேர்த்து எழுதணும்."