பாட்டெல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருந்தது

எங்கள் வீட்டுக்கு கம்ப்யூட்டர் வந்தபோது, திண்டிவனத்தில் எங்கள் தெருவில் வேறு யாரிடமும் அது இல்லை. விழுப்புரத்தில் ஒரு கடைக்காரர் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்துக் கட்டிக் கொடுத்த மெஷின். கல்யாணத்துக்கு முன்பே நான் தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்திருந்தேன். வீட்டிலிருந்தே டைப் அடித்துக் கொடுக்கலாம் என்று பிடிவாதம் பிடித்து வாங்க வைத்தது நான்தான். என் கணவர் நெல் மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அவருக்கு அதில் நம்பிக்கை இல்லை. 'பொட்டி' என்றுதான் சொல்வார். அது இருந்த அறைக்குள் அவர் வருவதே அபூர்வம்.

முதலில் கல்யாணப் பத்திரிகைகள், பள்ளிக்கூடத்துக் கேள்வித்தாள்கள் என்று வந்தன. பிறகுதான் அந்த ஆய்வு மாணவர் வந்தார். பிரம்மதேசத்துப் பக்கம் ஒரு கிராமம். அவருடைய அம்மா மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கவும் நடவுக்கும் கூலிக்குப் போகிறவர். வயலில் பெண்கள் பாடும் பாட்டுகளைப் பற்றித்தான் அவருடைய ஆய்வு. கிளியனூரில் டியூஷன் எடுத்துக்கொண்டே ஊர் ஊராகப் போய்ப் பாட்டுகளைச் சேகரித்திருந்தார். அவர்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவர். அவர் என்னை அக்கா என்பார். நான் அவரை சார் என்பேன்.

ஆய்வேட்டின் கையெழுத்துப் பிரதியை நான் அடித்து முடித்ததும், பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து திருத்த ஆரம்பித்தார். "இந்த வரி வேணாங்கா. இத மேல கொண்டுபோங்க. இங்க எங்கம்மா பாடுனது ஒண்ணு இருக்குது, சொல்றேன் அடிங்க" என்று சொல்லச் சொல்ல, பாதிக்குமேல் மாறிப்போனது. கையெழுத்தில் இருந்தது ஒன்று, மெஷினுக்குள் இருந்தது வேறொன்று. எங்களிடம் இருந்த ஃப்ளாப்பிகளில் கிடந்ததும் பழைய வடிவம்தான்.

கடைசித் திருத்தம் முடிந்த மறுநாள் பிற்பகலில் கரண்ட் நாலைந்து தடவை போய்ப் போய் வந்தது. யூ.பி.எஸ். ஒருமுறை கத்திவிட்டு அடங்கியது. நான் மறுபடி போட்டபோது உள்ளேயிருந்து டக், டக் என்று ஒரு சத்தம், விரல் நகத்தால் தகரத்தைத் தட்டுகிற மாதிரி. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில், டிஸ்க்கைக் காணோம் என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி வந்து நின்றது.

அணைத்துப் போட்டேன். அதே வரி.

பிரிண்ட் எடுத்துப் போகலாம் என்று சிரித்த முகத்தோடு வந்தவர் வாசலிலேயே என் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"இன்னாக்கா ஆச்சு?"

"கரண்ட்டு வந்து வந்து போச்சு சார். இப்போ உள்ள போவ மாட்டேங்குது."

"எல்லாம் உள்ளதான இருக்குது?"

நான் திரையில் நின்ற அந்த வரியைக் காட்டினேன். அவர் அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இந்த வாரம் யுனிவர்சிட்டில குடுக்கலன்னா பதிவே ரத்தாயிடும்கா. ஏற்கெனவே ரெண்டு வாட்டி டைம் வாங்கிட்டேன். இனிமே தரமாட்டாங்க."

மறுநாள் காலையில் சி.பி.யு.வைப் போர்வையில் சுற்றிக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் விழுப்புரம் பஸ் ஏறினோம். நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டேன். அப்போது சாலையை அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். வழியெல்லாம் தோண்டிப் போட்ட மண்ணும் குழியும். பஸ் ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் நான் பெட்டியை மடியிலிருந்து தூக்கிப் பிடித்துக்கொண்டேன். விக்கிரவாண்டி வருவதற்குள் தோள் கழன்றுவிடும்போல இருந்தது.

"அது இன்னாம்மா, டிவியா?" என்றார் கண்டக்டர்.

"கம்ப்யூட்டருங்க."

"பாத்தும்மா, எங்கயாச்சும் இடிச்சிக்கப் போவுது" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

கடைக்காரர் பெட்டியைப் பிரித்து, ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றித் தன்னுடைய மெஷினில் மாட்டினார். முதலில் தெரியவில்லை. கழற்றி, ஒயரை மாற்றி, மறுபடி மாட்டினார். மூன்றாவதோ நாலாவதோ முறை டிஸ்க் தெரிந்தது. என்னுடைய ஃபோல்டர்களின் பெயர்கள் திரையில் வந்ததும் எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அவர் ஒரு ஃபைலைத் திறந்ததும் திரை முழுக்க ஏதேதோ கோடுகளும் புள்ளிகளும் கொம்பு முளைத்த ஆங்கில எழுத்துகளும். இன்னொன்றைத் திறந்தார். அதுவும் அப்படியே.

"வைரஸ் மேடம். மொத்தத்தையும் தின்னுடுச்சி. இனிமே ஒண்ணும் பண்ண முடியாது. ஃபார்மட் பண்ணி விண்டோஸ் புதுசா ஏத்திடறேன். டிஸ்க்காச்சும் மிஞ்சும்."

அந்தக் காலத்தில் எந்தக் கடைக்குப் போனாலும் எல்லா நோய்க்கும் அந்த ஒரே மருந்துதான்.

ஆய்வு மாணவர் ஸ்டூலில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாக, "பண்ணிடுங்க சார்" என்றார். "அக்காவுக்காவது மெஷின் சரியாவட்டும். அவங்களுக்கு அதான பொழப்பு."

கடைக்காரர் வேறு திரைக்குப் போய் ஏதோ அடித்தார். எல்லாம் அழிந்துவிடும், செய்யட்டுமா என்று அது கேட்டது. அவருடைய விரல் 'ஒய்' எழுத்தின் மேல் போனது.

"இருங்க!" என்று கத்திவிட்டேன். தெருவில் போன ஒருவர் நின்று பார்த்தார். "அந்த ஃபைல இன்னொரு வாட்டி காட்டுங்க."

அவருக்கு எரிச்சல். இருந்தாலும் திறந்தார். எழுத்து ஒன்றுகூடப் புரியவில்லை. ஆனால் குட்டை குட்டையாக நாலு வரி, ஓர் இடைவெளி, மறுபடி நாலு வரி. மேலே நடுவில் ஒரு தலைப்பு. நான் உள்தள்ளி உள்தள்ளி அடித்த பாட்டுகளின் உருவம் அப்படியே இருந்தது. வைரஸ் தின்றிருந்தால் இடைவெளியை மட்டும் எப்படி விட்டு வைத்திருக்கும்?

"தமிழ் ஃபாண்ட் உங்க மெஷின்ல இருக்குதா?" என்று கேட்டேன்.

கடைக்காரர் சட்டென்று திரும்பினார். "அட, ஆமா மேடம். இதுல இங்கிலீஷ் வேலதான்." ஃபார்மட்டை விட்டுவிட்டு ஒரு சி.டி.யைத் தேடி எடுத்தார். அதில் இருந்த தமிழ் ஃபாண்ட்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். தமிழ் எழுத்துகள் வந்தன. ஆனால் ஒரு வார்த்தையும் வார்த்தையாக இல்லை. நான் எந்த ஃபாண்ட்டில் அடித்தேனோ அது மட்டும்தான் பொருந்தும், அது அவரிடம் இல்லை. எங்களுக்கு மெஷின் கட்டியபோது அங்கே வேலை செய்த வேறொருவர் அதை ஒரு ஃப்ளாப்பியில் கொடுத்திருந்தார். அந்த ஃப்ளாப்பி திண்டிவனத்தில் என் பீரோவில் கிடந்தது.

"முதல்ல எல்லாத்தையும் என் டிஸ்க்குக்கு காப்பி பண்ணிடலாம். இது எப்ப நின்னுடும்னு சொல்ல முடியாது" என்றார் அவர்.

காப்பி ஓட ஆரம்பித்தது. நான் தெரு ஓரத்து எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி மண்டிக்கு போன் போட்டேன்.

"ஏங்க, பீரோல துணிக்கு அடியில ஒரு ஃப்ளாப்பி இருக்குது. நீலக் கலரு. எடுத்துக்கினு உடனே விழுப்புரம் வரணும்."

திட்டுவார் என்று நினைத்தேன்.

"அத மடக்கினா ஒடைஞ்சிடுமா?"

"மடக்காதீங்க. காந்தம் பக்கத்துல வெக்காதீங்க. நனையக் கூடாது."

"சரி, வர்றேன்."

நான் திரும்பி வந்தபோது காப்பி பாதியில் நின்றிருந்தது. டிஸ்க்கிலிருந்து மறுபடி அந்த டக், டக். கடைசி அத்தியாயத்தை மட்டும் அது கொடுக்க மறுத்தது. கடைக்காரர் எத்தனையோ முறை முயன்றார். பிறகு டிஸ்க் அடங்கிப்போனது, அதற்கப்புறம் எழவே இல்லை. வந்த ஃபைல்களிலாவது உயிர் இருக்கிறதா என்று தெரியாமல் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தோம். வெளியே தூறல் போட ஆரம்பித்தது.

கணவர் வந்தபோது தலை சொட்டச் சொட்ட நனைந்திருந்தார். கையில் டிபன் பாக்ஸ். திறந்தால், கைக்குட்டையில் சுற்றி உள்ளே ஃப்ளாப்பி.

கடைக்காரர் அதைச் செருகினார். டிரைவ் கரகரவென்று இழுத்தது. படிக்க முடியவில்லை என்றது. எடுத்து, துடைத்து, மறுபடி செருகினார். இந்த முறை படித்தது. ஃபாண்ட் ஏறியது. ஃபைலைத் திறந்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, ஃபாண்ட்டின் பெயரை மாற்றி ஒரு தட்டுத் தட்டினார்.

கொம்புகளும் கோடுகளும் போய் மல்லாட்டைக் கொல்லைப் பாட்டு வந்து நின்றது.

ஆய்வு மாணவர் எழுந்து திரையை நெருங்கி, அந்தப் பாட்டை முணுமுணுப்பாக வாசித்தார். ஒரு வரியில் நிறுத்திவிட்டு வெளியே போய்விட்டார். என் கணவர் கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். பிறகு என்னிடம், "இத்தனையும் நீயா அடிச்ச?" என்று கேட்டார்.

கடைசி அத்தியாயத்தைப் பழைய கையெழுத்துப் பிரதியிலிருந்து மறுபடி அடித்தோம். மாற்றிய இடங்களில் சில அவருக்கு ஞாபகம் வந்தன, சில வரவில்லை. "இருக்கிறது போதும்கா, போடுங்க" என்றார். பாண்டியில் பிரிண்ட் எடுத்து, பைண்ட் செய்து, கடைசி நாளில் கொண்டுபோய்க் கொடுத்தார். அன்று சாயந்திரம் மண்டிக்கு போன் வந்தது. என் கணவர்தான் சைக்கிளில் வந்து சொன்னார், "வாங்கிக்கினாங்களாம்."

இப்போது அவர் ஒரு கல்லூரியில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறார். அந்தக் கடைசி அத்தியாயம் திருத்தியபோது இன்னும் நன்றாக இருந்தது, அது தொலைந்துவிட்டது என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வார். எனக்கும் அது உண்மை என்று தெரியும். அடித்தவள் நான்தானே.