நடுவில் உட்காருபவள்

நாற்பது வயதில் மூன்றாம் வகுப்பில் சேர்ந்தவள் அவள். நான்காவதும் பாஸாகி இப்போது ஐந்தாவதில் இருக்கிறாள். பரீட்சை எழுதாமலே பாஸ். வேலையே அதுதான்: சக்கர நாற்காலியில் வரும் சிறுமியின் பக்கத்தில், பெஞ்சின் நுனியில், மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருப்பது. நாற்காலிக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் நடுவில் எப்போதும் அவள். பிள்ளைகள் வைத்த பெயர் பசையக்கா. ஒரு சொல்லை வெளியே தள்ள அரை நிமிடம் திணறும் சிறுமிக்கு வைத்த பெயர் வாயாடி. குசும்புக்குக் குறைச்சலில்லாத வகுப்பு.

பென்சில் தரையைத் தொடுமுன் பசையக்கா பிடித்துவிடுவாள். டீச்சர் கேள்வி கேட்டால், சிறுமி உதட்டைக் குவிக்கும்போதே இவள் பதிலைச் சொல்லி முடித்திருப்பாள். ஈ, எறும்பு அண்டாது. பிள்ளைகளும் அண்டவில்லை. அதை அவள் கவனித்ததில்லை.

இரண்டு நாள் பசையக்காவைக் காய்ச்சல் அடித்துப் போட்டது. திரும்பி வந்தால் சிறுமியின் முழங்கையில் பிளாஸ்திரி.

"ஐயோ தங்கம், யாருடி தள்ளிவிட்டது?"

"யாரும் தள்ளல பசையக்கா," என்றான் முன்பெஞ்சு கட்டையன். "இவதான் எங்க அம்பயர். வேகமா தள்ளிட்டுப் போனோம், திருப்பத்துல வண்டி சாஞ்சிடுச்சு."

"இவ அம்பயரா?"

"ஆமா! அவுட்டுன்னு சொல்ல அரை நாளாக்குவா. அதுவரைக்கும் நாங்க சிலையாட்டம் நிக்கணும். நேத்து நான் அவுட்டா இல்லையான்னு தெரியறதுக்குள்ள மணி அடிச்சிடுச்சு."

வகுப்பே சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் வாயாடி. அந்தச் சிரிப்பைப் பசையக்கா அதுவரை கேட்டதே இல்லை.

மதியம் சோறு ஊட்டும்போது சிறுமி, "அக்கா... நீங்க..." என்றாள். தண்ணியா என்று கேட்க வந்த வாயைப் பசையக்கா மூடிக்கொண்டாள். முதல்முறையாகக் காத்திருந்தாள்.

"நாளைக்கும்... லீவு... போடுங்களேன்."

"என் சம்பளத்துல மண்ணைப் போடப் பாக்கறியா, கழுதை?" என்று சிரித்துவிட்டாள். அப்புறம்தான் பசையக்காவுக்கு உறைத்தது. வேலி பயிரை மேயவில்லைதான். வெயிலை மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறது.

சாயங்காலம் தலைமையாசிரியை அறைக்குப் போனாள். வாசலில் பள்ளியின் விளம்பரப் பலகை. 'எல்லோரும் ஒன்றாய்' என்ற எழுத்துக்குக் கீழே நாற்காலியில் சிறுமி. பக்கத்தில் நின்ற பசையக்காவை வெட்டியெடுத்துவிட்டார்கள். சிறுமியின் தோளில் அவளுடைய நாலு விரல் மட்டும் மிச்சம். படத்தில் முடிந்தது வகுப்பில் முடியாதா என்ன?

"நான் பின்னாடி ஓரமா உக்காந்துக்கறேன் மேடம். கூப்பிட்டா ஓடி வர்றேன்."

"முழங்கை பத்தாதா? அடுத்து மண்டை உடைஞ்சா யாரு பதில் சொல்றது? நீ பக்கத்துல ஒட்டி இருந்தாத்தான் அந்தப் பொண்ணு இங்க. இல்லேன்னா அவங்கம்மாவைக் கூப்பிட்டு டிசியைக் குடுத்துடுவேன். விளையாட்டெல்லாம் இனிமே கிடையாது."

வெளியே சிறுமியின் அம்மா நாற்காலியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியை விட்டுப் பசையக்காவின் கையைப் பிடித்தாள்.

"எத்தனை ஸ்கூல் வாசல்ல நின்னேன் தெரியுமாக்கா? இங்கேயும் போச்சுன்னா இவ வீட்டுச் செவுத்தைத்தான் பாத்துட்டு இருக்கணும். கோச்சுக்காம பக்கத்துலயே இருங்க."

மறுநாள் இடைவேளையில் கட்டையன் பரீட்சை அட்டையும் காகிதப் பந்துமாக வந்தான்.

"அம்பயரைக் குடுங்க பசையக்கா."

"பெரிய மேடம் வேணாம்னுட்டாங்கடா."

"அஞ்சே நிமிஷம்! மெதுவாத் தள்றோம்."

"போடா சொல்றேன்!"

சிறுமி அவளைப் பார்க்கவில்லை. கட்டையன் இன்னும் இரண்டு நாள் வந்து கேட்டான். பிறகு வேறொரு அம்பயர் கிடைத்துவிட்டான். கேட்டவுடன் அவுட் சொல்லுகிற அம்பயர்.

அடுத்த வாரம் டீச்சர் வாயாடியிடம் ஒரு கேள்வி கேட்டார். பசையக்கா பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். அரை நிமிடம் போனது. இன்னும் கொஞ்சம் போனது. சிறுமி உதட்டைக்கூடக் குவிக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தாள்.

டீச்சர் பசையக்காவைப் பார்த்தார். "என்னம்மா, இன்னிக்குப் படிச்சிட்டு வரலியா?"

வகுப்பு சிரித்து அடங்கியது. பசையக்கா எழுந்து நின்று பதிலைச் சொன்னாள்.