ரொட்டேஷன் ஷீட்டில் என் கையெழுத்து

மாதேஸ்வரி அக்காவின் இடுப்பைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னதும் அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "எழுது, எழுது. உன் கையெழுத்தப் பத்தியும் எழுதறியான்னு பாக்கறன்" என்றாள். எழுதத்தான் போகிறேன். அதை ஒதுக்கிவிட்டு எழுதினால் மிச்சமெல்லாம் வெறும் பேச்சு.

முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன். அக்காவுக்கு வயது நாற்பத்தைந்து. பாரூர் ஏரித் தண்ணீர் பாயும் வயல்களில் பதினைந்து வயதிலிருந்து நாற்று நட்டவள். கணவர் ஆஞ்சப்பனுக்கு ஓசூரில் செக்யூரிட்டி வேலை கிடைத்ததும் மத்திகிரிக்கு வந்து, அங்கே மாட்டுப் பண்ணைப் பக்கம் வரிசையாகக் கட்டிவிட்ட வாடகை வீடுகளில் ஒன்றில் குடியேறினாள். அடுத்த கதவு என்னுடையது. நான் ராசாத்தி, சிவகங்கைப் பக்கம். இரண்டு பேரும் விடிவதற்கு முன் ஒரே கம்பெனி பஸ்ஸில் ஏறுவோம். தண்ணீர் மோட்டார் செய்யும் கம்பெனியில் ஒரே லைனில் நிற்போம்.

லைனின் கடைசியில் நாங்கள் நான்கு பேர். ஒருத்தி ஸ்க்ரூ முடுக்குவாள், ஒருத்தி மோட்டாரை ஓட்டிப் பார்ப்பாள், நான் ஸ்டிக்கர் ஒட்டுவேன். நான் ஒட்டும் ஒவ்வொரு ஸ்டிக்கரிலும் நேரமும் என் டோக்கன் நம்பரும் அச்சாகியிருக்கும். கடைசி இடம் அக்காவுடையது. மோட்டார் இருக்கும் பெட்டியை மேசையிலிருந்து தூக்கி, தரையில் கிடக்கும் மரப் பலகைமேல் குனிந்து அடுக்க வேண்டும். பெட்டி ஒன்பது கிலோ. ஒரு ஷிஃப்டுக்கு நானூறு பெட்டி.

இந்த நான்கு இடங்களிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறி மாறி நிற்க வேண்டும் என்று கம்பெனியே விதி வைத்திருக்கிறது. அதற்கு ஒரு தாள் தூணில் தொங்கும். ரொட்டேஷன் ஷீட் என்போம். ஆளுக்கு நான்கு கட்டம். மாறும்போதெல்லாம் கையெழுத்துப் போட வேண்டும். கையுறையை நடுநடுவே கழற்றி மாட்டுவது பெரிய தொல்லை. அதனால் காலை ஆறு மணிக்குக் கையுறை போடும் முன்பே நான்கு கட்டத்திலும் ஒரே மூச்சில் கையெழுத்தைப் போட்டுவிட்டு, அவரவர் பழைய இடத்திலேயே இரண்டு மணி வரை நின்றுவிடுவோம். தாள் ஆடிட்டுக்கு, வேலை வேலைக்கு. இதை ஏமாற்று என்று நாங்கள் யாருமே நினைத்ததில்லை.

கடைசி இடம் ஏன் அக்காவுக்கே போனது என்றால், அவள் வேகம் யாருக்கும் வராது. "நாத்து நட்ட இடுப்புடி இது. இந்தப் பொட்டிக்கெல்லாம் அசராது" என்று அவளே பீற்றிக்கொள்வாள். லைன் லீடர் பிரேம்குமாருக்கு அது ரொம்ப வசதியாகப் போய்விட்டது. அவள் நின்றால் கணக்கு குறையாது.

அந்த இடுப்பு ஆறு வருஷத்துக்கு முன் அசர ஆரம்பித்தது. முதலில் தைலம். அப்புறம் ஆஞ்சப்பன் அண்ணன் எங்கிருந்தோ அரைத்து வந்து போட்ட பற்று. அதற்கப்புறம் ஒரு பெல்ட். கடைசியில் மெடிக்கலில் கொடுத்த மாத்திரை. காலையில் பஸ் ஏறும்போது ஒன்று, டீ பிரேக்கில் ஒன்று என்று நாலு வருஷம் விழுங்கினாள். "வாங்கி வெச்சாச்சுன்னா ஒரு தைரியம்" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வலியோடு இருக்கிறவளைப் பார்த்து 'பழகிக்க வேண்டியதுதான்' என்று சொல்கிறவர்களைக் கண்டாலும் பற்றிக்கொண்டு வரும். நான் மட்டும் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள், அதற்கும் வருகிறேன்.

போன ஆடி மாதம் லைனிலேயே அக்கா வாந்தி எடுத்தாள். வாந்தியில் ரத்தம். பெரியாஸ்பத்திரி டாக்டர், மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கிவிட்டது, இனி அதைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டார். ஸ்கேன் எடுத்துப் பார்த்து, முதுகெலும்புக்கு நடுவே இருக்கும் தட்டு கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, ஆபரேஷன் அளவுக்கு ஒன்றுமில்லை என்று பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுத்தார். நான்தான் உடன் போனேன். "மாத்திரையும் இல்ல, ஆபரேஷனும் இல்ல. அப்ப என்னதான் இருக்குது எனக்கு?" என்று அக்கா ஆஸ்பத்திரி நடையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பிசியோதெரபி அறையில் இருந்தவள் பெயர் சுசித்ரா. ஓசூர்ப் பெண். வாசலில் நின்ற ஒருவரிடம் கன்னடத்தில் பேசிக்கொண்டே எங்களிடம் தமிழில் பேசினாள். ஓரத்தில் இருந்த தண்ணீர் கேனைக் காட்டி, "இதைத் தூக்கி மேசை மேல வைங்கம்மா" என்றாள். அக்கா முட்டியை மடக்கவே இல்லை. கால் இரண்டும் கம்பு மாதிரி நிற்க, இடுப்பில் அப்படியே மடிந்து தூக்கினாள்.

"இப்படிக் குனிய எங்க கத்துக்கிட்டீங்க?"

"நடவு வயல்ல. சேத்துல முட்டிய மடக்கினா பொடவ நனையுமில்ல."

சுசித்ரா சிரித்தாள். பிறகு சிரிக்காமல் பேசினாள். "சுத்தமா போயிடும்னு நான் பொய் சொல்ல மாட்டேன்ம்மா. கொறைச்சு வெச்சுக்கலாம். நல்லா தூங்கலாம், வேலையும் செய்யலாம். ஆனா மூணு மாசம் தெனமும் நான் சொல்றதைச் செய்யணும். அதுக்கப்புறமும் விடக் கூடாது."

"குனிஞ்சா எலும்பு ஒடைஞ்சிருமோன்னு பயமா இருக்குது. ரெண்டு வருசமா கீழ ஒக்காந்து சோறு தின்னல."

"ஒடையாது. வலிச்சா உள்ள ஏதோ ஒடையுதுன்னு நெனைக்காதீங்க. பயந்து அசையாம கெடந்தாதான் இன்னும் எறுகிப் போகும்."

அவள் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளில் மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி இடுப்பைத் தூக்குவது ஒன்று. கையும் முட்டியும் ஊன்றி, ஒரு கையையும் எதிர்க் காலையும் நீட்டுவது இன்னொன்று. "மாட்டுப் பண்ணைப் பக்கம் குடியிருக்கறன்னு தெரிஞ்சிதான் என்ன மாடு மாதிரி நிக்க வெக்கிறா" என்று அக்கா முணுமுணுத்தாள். தூங்கும்போது ஒருக்களித்துப் படுத்து முட்டிகளுக்கு நடுவே தலையணை. இறுகினால் வெந்நீர்ப் பை. தினமும் நடை. வலி அதிகமான நாளில் பாதி தூரம் நடக்கலாம், நடக்காமல் மட்டும் இருக்கக் கூடாது.

சாயங்காலம் எங்கள் தெருவிலிருந்து மாட்டுப் பண்ணை வேலி வரை நடப்போம். முதல் வாரம் நாலு இடத்தில் நின்று நின்று போனாள். ஐந்தாவது வாரம் நான்தான் அவள் பின்னால் ஓட வேண்டியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனால், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து களி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஆனால் வேலை நாளில் கதை வேறு. ஞாயிறு வரை சேர்த்ததெல்லாம் திங்கள் மதியம் இரண்டு மணிக்குள் கரைந்துவிடும். முட்டியை மடக்கித்தான் குனிந்தாள். நானூறு தடவை மடக்க எந்த முட்டி இடம் கொடுக்கும்? சுசித்ராவிடம் சொன்னோம். 'ஒரே இடத்தில் நிற்க வைக்காமல் மாற்றி மாற்றி வேலை கொடுக்கவும், அடுக்கும் பலகையைத் தரையிலிருந்து உயர்த்தவும்' என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தாள். அக்கா அதை வெள்ளிக்கிழமை ஹெச்ஆர் ஆபீசில் ஸ்ரீராம் சாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

திரும்பி வரும் பஸ்ஸில், மத்திகிரி வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் என்னிடம் சொன்னாள்.

"ஃபைலை எடுத்து வெச்சாரு ராசாத்தி. ஒன்றரை வருசத்து ஷீட்டு. 'ஏம்மா, நீங்க ஒரு நாளைக்கு ரெண்டே மணி நேரந்தான் பொட்டி அடுக்கறீங்க. உங்க கையெழுத்துதான இது? ரெண்டு மணி நேரத்துக்கே இடுப்பு தாங்கலன்னா இந்த வேலைக்கு உங்க ஒடம்பு லாயக்கில்ல'ன்னாரு. திங்கக்கெழம கம்பெனி டாக்டர் வர்றாராம். பாத்துட்டு அனுப்பிருவாங்களாம்."

"நீங்க உண்மையச் சொல்ல வேண்டியதுதானக்கா?"

"கையெழுத்து என்னுது. என்னான்னு சொல்றது?"

அனுப்பிவிட்டால் நாற்பத்தைந்து வயதில், இடுப்பு சரியில்லை என்று எழுதின தாளோடு வருகிறவளை ஓசூரில் எந்தக் கம்பெனி உள்ளே விடும்? அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எனக்குத் தெரிந்த இன்னொன்றும் உண்டு. பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை பெட்டி அடுக்கியது ராசாத்தி என்று அந்தத் தாளில் தினமும் இருக்கும். ஒன்றரை வருஷமும் அந்தக் கட்டத்தில் என் கையெழுத்து. அதில் ஒரு நாள்கூட நான் அந்த இடத்தில் நின்றதில்லை. முந்தின வருஷம் ஒருமுறை அக்கா டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு, "இன்னிக்கி மட்டும் எடம் மாத்திக்கறியா?" என்று கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எனக்கு இடுப்பு வலிச்சிரும்க்கா." அதை அவளிடம் சொன்னேன். அவள் "சரி வுடு" என்று சொல்லிவிட்டுக் குனிந்தாள். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பண்ணை வேலியோரம் நடக்கும்போது, நான் போய்ப் பேசுகிறேன் என்றேன். அக்கா நின்றுவிட்டாள். "வேணாம் புள்ள. பொய்க் கையெழுத்துன்னு சொன்னா உன்னையும் சேத்து அனுப்பிருவாங்க. உனக்கு எதுக்கு இந்த வம்பு?"

"வம்பு இல்லக்கா. என் முறை அது."

திங்கட்கிழமை டாக்டர் வருவதற்கு முன்பே ஸ்ரீராம் சார் அறைக்குப் போனேன். "சார், அந்தக் கையெழுத்தெல்லாம் பொய். காலையில வந்ததும் நாலு கட்டத்துக்கும் போட்டுருவோம். எட்டு மணி நேரமும் பெட்டி அடுக்குறது அந்தக்கா மட்டுந்தான்" என்றேன்.

"உங்க ஃப்ரெண்டுக்காக இப்படிச் சொல்றீங்க."

"போன மாசம் எந்தத் தேதி வேணும்னாலும் எடுங்க சார். பத்து மணிக்கு நான் அங்கிட்டு நின்னு பெட்டி அடுக்குனதா ஷீட்ல இருக்கும். அதே பத்து மணிக்கு வந்த மோட்டார் ஸ்டிக்கர்ல யாரு டோக்கன் நம்பர் இருக்குன்னு கம்ப்யூட்டர்ல பாருங்க."

அவர் பார்த்தார். ஒரு தேதி, இன்னொரு தேதி, இன்னொரு தேதி. எல்லாவற்றிலும் என் நம்பர். கடைசியில், "தெரிஞ்சேதான் பொய்யா கையெழுத்து போட்டீங்களா?" என்றார்.

"ஆமா சார். தினமும்."

எங்கள் நான்கு பேருக்கும் மெமோ வந்தது. பிரேம்குமாருக்கும் வந்தது. அவன் ஒரு வாரம் என் முகத்தில் விழிக்கவில்லை, நானும் அதற்காகச் சாகவில்லை. கம்பெனி டாக்டர் அக்காவைப் பார்த்தார், சுசித்ராவின் கடிதத்தையும் படித்தார். ரொட்டேஷனில் நின்று வேலை செய்யலாம் என்று எழுதினார். பலகையை உயர்த்த ஸ்டாண்ட் வரும் என்றார்கள், இன்னும் வரவில்லை. நாங்களே காலிப் பலகைகளை ஐந்து அடுக்கி, அதன் மேல் பெட்டியை அடுக்குகிறோம்.

அக்காவுக்கு வலி போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. மழை வந்தால் இறுகும், ஒரு வாரம் நடையை விட்டால் பிடிக்கும். அன்றைக்கு வெந்நீர்ப் பையும் பாதி நடையும். மாத்திரை மட்டும் கிடையாது. விடிகாலையில் பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் தொப்பென்று ஒரு சத்தம் கேட்கும். இடுப்பைத் தூக்கி இறக்குகிறாள் என்று நான் எழுந்துகொள்வேன்.

ரொட்டேஷன் நிஜமாகவே ஆரம்பித்த முதல் நாளைச் சொல்லி முடிக்கிறேன். பத்து மணிக்கு பெல் அடித்தது. அக்கா என் ஸ்டிக்கர் மேசைக்கு வந்தாள், நான் அவள் இடத்துக்குப் போனேன். இருபது பெட்டி வரை ஒன்றுமில்லை. நாற்பதில் தொடை எரிந்தது. எழுபதில் நடு முதுகில் யாரோ முடிச்சுப் போட்டு இழுத்தார்கள். "முட்டிய மடக்குடி. நாத்தா நடற?" என்று அங்கிருந்து அக்கா சத்தம் போட்டாள். நூறு பெட்டி முடிந்து பன்னிரண்டு மணி பெல் அடித்தபோது என்னால் நிமிர முடியவில்லை. அவள் வந்து என் இடுப்பில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். சரியாக வலிக்கிற இடத்தில்தான் வைத்தாள், நான் சொல்லவே இல்லை.

கையுறையைக் கழற்றிவிட்டுத் தூணுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டேன். விரல்கள் நடுங்கி எழுத்து கோணல்மாணலாக விழுந்தது. பிரேம்குமார் எட்டிப் பார்த்தான். பழைய தாளையும் புரட்டிப் பார்த்தான்.

"ரெண்டும் ஒரே மாதிரி இல்லியே. இது உன் கையெழுத்துதானா?" என்றான்.

"இதுதான் என்னுது" என்றேன்.